வெள்ளிமுடிக்குப் பதினாறு

கொம்புக்கல் எஸ்டேட்டில் டெலிபோன் போர்டு வைத்திருந்த அறை முன்பு உரக் கிட்டங்கியாக இருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரிலிருந்து உர வாடை போகவில்லை. அங்கே எட்டு வருஷமாக உட்கார்ந்து பிளக்கைச் செருகிக்கொண்டிருந்த ராமுத்தாய் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தும்முவாள். மலையில் யார் போனை எடுத்தாலும் முதலில் ஒரு தும்மல் கேட்டால், கொம்புக்கல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எழுபத்துநாலாம் வருஷம் வரைக்கும் அந்த மலையில் இரண்டு கம்பெனிகளுக்கும் தனித்தனிக் கம்பி. கீழக் கம்பெனிக்குக் கொம்புக்கல், பனிமேடு என்று இரண்டு எஸ்டேட். மேலக் கம்பெனிக்கு ஈத்தக்காடு, வெள்ளிமுடி. கீழக் கம்பெனி போனில் கீழக் கம்பெனியோடுதான் பேசலாம். எதிர்ச்சரிவில் மேலக் கம்பெனி ஆபீஸ் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் ஆள்தான் போக வேண்டும். மேலக் கம்பெனியிடம் ஆஸ்பத்திரியும் புது ஃபேக்டரியும் இருந்தன. கீழக் கம்பெனியிடம் நோயாளிகளும் தேயிலைக் கொழுந்தும் இருந்தன. கடைசியில் இரண்டு கம்பெனித் துரைமாரும் உட்கார்ந்து பேசி, கம்பிகளை இணைத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

அப்படித்தான் கொம்புக்கல் போர்டு நடுப் போர்டு ஆனது. அங்கிருந்து ஒரு பக்கம் பனிமேட்டுக்குக் கம்பி, இன்னொரு பக்கம் ஈத்தக்காட்டுக்குக் கம்பி. பனிமேட்டுக்கும் ஈத்தக்காட்டுக்கும் நடுவே காட்டு வழியாக ஒரு கம்பி. இந்த மூன்று தடத்திலும் ஒரே நேரத்தில் மூன்று பேச்சுப் போக மூன்று இழை. ஈத்தக்காட்டைத் தாண்டிக் கோடியில் வெள்ளிமுடி. அதற்கு ஈத்தக்காட்டிலிருந்து ஒரே ஒரு கம்பி. வெளியூருக்கென்று பனிமேட்டிலிருந்து மூணாறு போஸ்டாபீசுக்கு ஒரு கம்பி, மறையூரும் மற்ற ஊர்களும் அதன் வழி. பனிமேட்டுப் போர்டில் சுவக்கீன் இருந்தான். ஈத்தக்காட்டுப் போர்டில் சங்கையா. வெள்ளிமுடியில் போர்டு எதுவும் கிடையாது. ஃபேக்டரிச் சுவரில் ஒரு போன் தொங்கியது. அதை எடுப்பவர் ஃபேக்டரி மேஸ்திரி சுடலை.

கம்பிகளை இணைத்த அன்று தலைமை ஆபீசிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று வந்தது. ஈத்தக்காடு வேண்டுமென்றால் நேர்க்கம்பி. வெள்ளிமுடி வேண்டுமென்றால் ஈத்தக்காடு வழி. பனிமேடு வேண்டுமென்றால் நேர்க்கம்பி. இதற்கு மாறாக யாரும் எந்தப் பிளக்கையும் எங்கேயும் செருகக் கூடாது. கீழே இரண்டு கையெழுத்து. ராமுத்தாய் அதைப் பசை தடவிச் சுவரில் ஒட்டினாள்.

தாள் எழுதியவர்களுக்கு யானை தெரியாது. கம்பிக் கம்பம் என்றால் முதுகு சொறிவதற்கென்றே கம்பெனி நட்டு வைத்தது என்பது யானையின் எண்ணம். யானை விட்டுவைத்ததைச் சவுக்கு மரக்கிளை முறிக்கும். கிளை விட்டுவைத்ததைக் கருங்குரங்கு ஊஞ்சலாடி அறுக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது ஏதாவது ஒரு கம்பி கிடக்கும். தாள் மட்டும் சுவரில் அசையாமல் நிற்கும்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, கொம்புக்கல் ஃபீல்டு ஆபீசர் மிக்கேல்ராஜின் மூக்குக்குள் அட்டை ஏறிவிட்டது. ஓடைத் தண்ணீரைக் குனிந்து குடித்த நேரத்தில் ஏறியது. நல்ல ஆஜானுபாகுவான ஆள், போர்டு ரூமுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியக் கூப்புடு! டாக்டர் என்ன செய்யணும்னு சொல்லட்டும். உள்ள நெளியுது!"

ராமுத்தாய் ஆஸ்பத்திரி இருந்த ஈத்தக்காட்டுக் கம்பியில் பிளக்கைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினாள். சத்தமே இல்லை.

"கம்பி செத்துக் கெடக்கு சார்."

"அப்ப வேற வழி?"

அவள் சுவரைப் பார்த்தாள். தாளில் வேறு வழி இல்லை. மிக்கேல்ராஜ் "ம்ம்ம்" என்று மூக்கால் முனகினார். தும்மல் வந்தால் வெளியே வருமோ என்று ராமுத்தாயின் நாற்காலிப் பக்கமாக மூக்கை நீட்டிச் சுவரை முகர்ந்து பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. பார்த்தாள் ராமுத்தாய். பனிமேட்டைக் கூப்பிட்டாள்.

"சுவக்கீனு, ஒனக்கு ஈத்தக்காடு கெடைக்குதா?"

"கெடைக்குதேக்கா. இப்பத்தான் சங்கையாண்ணன் கூட அயிரைமீனப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."

"அப்ப என் கம்பிய எடுத்து அவுக கம்பியில சொருகு."

டாக்டர் கிடைத்தார். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு பொறுமையாக உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் கழித்து அட்டை தண்ணீரைத் தேடித் தலையை நீட்டியது. ஆபீசே கூடி நின்று பார்த்து அதைப் பிடித்து இழுத்தது.

அன்று மத்தியானம் ராமுத்தாய் உட்கார்ந்து யோசித்தாள். வழி இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை, பனிமேட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு போர்டுக்கும் தன் பக்கத்துக் கம்பி நிலவரம் தெரியும். அதைப் பக்கத்துப் போர்டுக்குச் சொல்லிவிட்டால் என்ன?

மறுநாள் மற்ற இருவரையும் ஒரே கம்பியில் இணைத்துப் பேசினாள்.

"காலையில ஏழு மணிக்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கும் நாம மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடணும். என்கிட்ட இருந்து இன்ன ஊரு இத்தன கையின்னு. நேரா கெடச்சா ஒரு கை. நடுவுல ஒரு போர்டு இருந்தா ரெண்டு கை. பக்கத்துப் போர்டு ரெண்டுன்னா, நமக்கு ஒண்ணு கூட்டி மூணு. எந்தப் பக்கம் கை கொறைச்சலோ அந்தப் பக்கம் சொருகுறோம். கம்பி அந்துச்சுன்னா அடுத்த தடவ நம்பரு மாறும், நாமளும் மாத்திக்கிடுவோம். அவ்வளவுதான்."

"தாள்ல வேற மாதிரி போட்டிருக்கே?" என்றான் சுவக்கீன்.

"தாளு எங்க இருக்கு?" என்றாள் ராமுத்தாய். அவளுடைய தாளை முந்தின நாள் சுவரிலிருந்து கிழித்து, மிக்கேல்ராஜ் சாரின் அட்டையை அதில் சுற்றி வெளியே எறிந்திருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் சங்கையா குறுக்கே விழுந்தார்.

சங்கையாவின் குரலைக் கேட்டால் ஆறடி உயரமும் அருவா மீசையும் கண்முன் வரும். பட்டாளத்தில் டெலிபோன் பிரிவில் இருந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு நாளும் "எனக்கு ரெண்டு கை" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதா? மூணாறுக்குப் பனிமேடு ஒன்று என்று சொல்லும்போது தான் இரண்டு என்பது அவருக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அறிவித்தார்:

"எழுதிக்க தாயி. கொம்புக்கல் ஒண்ணு. பனிமேடு ஒண்ணு. வெள்ளிமுடி ஒண்ணு. மூணாறு போஸ்டாபீசு ஒண்ணு. மறையூரு ஒண்ணு. மதுர ஒண்ணு."

"அண்ணே, மதுரைக்கு ஒங்ககிட்ட கம்பியே கெடையாதே."

"எனக்கு எல்லாமே ஒண்ணுதான். பட்டாளத்துல அப்படித்தான்."

ராமுத்தாய் அவர் சொன்னபடியே எழுதி, அதன்படியே செருகினாள். பனிமேட்டுக்கும் சொன்னாள், சுவக்கீனும் அப்படியே செய்தான். எல்லோருக்கும் கை குறைச்சல் சங்கையா வழிதான். மறையூருக்குக் கரும்பு லாரி கேட்டவர், மூணாறில் மருந்து கேட்டவர், மதுரையில் மச்சினனுக்குப் பெண் பார்த்தவர், அடுத்த கட்டிடத்தைக் கேட்ட பனிமேட்டுக் கிளார்க் உட்பட எல்லாரும் போய் ஈத்தக்காட்டுப் போர்டில் விழுந்தார்கள். பத்தரை மணிக்கு ராமுத்தாயின் போர்டு மணி அடித்தது.

"தாயி." குரலில் பட்டாளம் இல்லை. "கை ரெண்டும் மரத்துப் போச்சு. இன்னும் வெத்தல கூடப் போடல. யாரோ ஒருத்தன் மதுரையக் குடு குடுன்னு அழுறான்."

"நீங்கதானண்ணே ஒண்ணுன்னு சொன்னீக."

"மதுரை எனக்குக் கெடையாது. எழுதிக்க. மறையூரு மூணு. மூணாறு ரெண்டு. ஒங்க ரெண்டு பேரு ஊரும் வெள்ளிமுடியும் மட்டும் ஒண்ணு."

அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. யானை கம்பத்தைச் சாய்த்த அடுத்த ஏழு மணிக்கே மூன்று போர்டுகளும் வேறு வழிக்கு மாறிவிடும். கம்பியைத் தூக்கிக் கட்டியதும் மறுபடி பழைய வழிக்கு வந்துவிடும். கொம்புக்கல் மேனேஜர் பெள்ளியப்பா குடகு நாட்டுக்காரர். தமிழைக் கட்டுச்சாதம் மாதிரி அவிழ்த்து அவிழ்த்துப் பேசுவார். அவருக்கு இந்த ஏற்பாடு என்னவென்று தெரியாது. "போன் இப்போ நல்ல பிள்ளை ஆயிட்டது" என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருங்காற்று அடித்தது. ஈத்தக்காட்டுக்கும் வெள்ளிமுடிக்கும் நடுவில் இருந்த ஒரே கம்பி எங்கேயோ அறுந்தது.

திங்கட்கிழமை காலை சங்கையா வெள்ளிமுடியைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஓசை இல்லை. அவரிடம் இருந்த ஒரே சொந்த ஊர் அதுதான். அது போய்விட்டது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த நேரம் பார்த்துப் பனிமேட்டிலிருந்து சுவக்கீன் கூப்பிட்டு, முந்தின நாள் எழுதி வைத்ததையே படித்தான்: "வெள்ளிமுடி எனக்கு ரெண்டு."

ஆகா, பனிமேட்டுக்கு ஏதோ வழி இருக்கிறது என்று சங்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இரண்டே தன் வழியாகப் போன இரண்டுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. "எனக்கு மூணு" என்று கொம்புக்கல்லுக்குச் சொன்னார். ராமுத்தாய் ஒன்று கூட்டி, "அப்ப எனக்கு நாலு" என்று பனிமேட்டுக்குச் சொன்னாள். சங்கையா தன்னிடம் வெள்ளிமுடியைப் பற்றி வாயே திறக்காததால், சுவக்கீன் அந்த நாலோடு ஒன்று கூட்டி ஐந்து என்று எழுதினான்.

மத்தியானம் சுவக்கீன் ஐந்து என்றான். சங்கையா ஆறு என்றார். ராமுத்தாய் ஏழு. சுவக்கீன் எட்டு.

செவ்வாய் காலை ஒன்பது, பத்து, பதினொன்று.

"அக்கா, வெள்ளிமுடி தள்ளித் தள்ளிப் போகுதே," என்றான் சுவக்கீன். "ஒருவேள மண்ணு சரிஞ்சு மலை நகருதோ? நேத்து ஜெபத்துல கூடச் சொன்னாங்க, மலைகள் பெயர்ந்து போகும்னு."

"நகருற மலைன்னா நம்ம ஜன்னல்ல தெரியாதாடா?" என்றாள் ராமுத்தாய். இருந்தாலும் எழுந்து போய் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். வெள்ளிமுடி இருந்த இடத்தில்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு மேனேஜர் பங்களாவிலிருந்து கூப்பிட்டார். பங்களா போர்டு ரூமுக்கு எதிரே, ஒரு ரோஜாப் பாத்தி தள்ளி இருந்தது.

"ராமுத்தாய், வெள்ளிமுடி வேணும். நம்ம கொழுந்து என்ன ஆச்சு கேக்கணும்."

அவள் ஈத்தக்காட்டில் செருகினாள். "வெள்ளிமுடி குடுங்கண்ணே." சங்கையா எழுதி வைத்திருந்த தாளில் வழி பனிமேடு, அவர் பனிமேட்டில் செருகினார். சுவக்கீனின் தாளில் வழி கொம்புக்கல். அவன் கொம்புக்கல்லில் செருகினான். ராமுத்தாயின் போர்டில் பனிமேட்டுத் துளைக்கு மேலிருந்த மூடி, அழைப்பு வந்ததற்கு அடையாளமாகக் கீழே விழுந்தது. எடுத்தாள்.

"வெள்ளிமுடி குடுக்கா," என்றான் சுவக்கீன்.

இன்றைக்கு எல்லோருக்கும் வெள்ளிமுடி மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது இழையில் ஈத்தக்காட்டுக்குச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் பனிமேடு மறுபடி விழுந்தது. மூன்றாவது இழையில் ஈத்தக்காடு. மறுபடியும் பனிமேடு. இப்போது ஈத்தக்காட்டுக்குச் செருகத் துளையே இல்லை. அவளே அந்தக் கம்பியில் பேசினாள்.

"வெள்ளிமுடி லைன் காலி இல்லீங்க. யாரு பேசுறது? எங்க இருந்து?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் கேட்டது. "ஹலோ! வெள்ளிமுடியா?"

"இல்லீங்க. நீங்க எங்க இருந்து பேசுறீங்க?"

"நான் கொம்புக்கல்! மேனேஜர்!"

ராமுத்தாய்க்குத் தும்மல் வந்தது. தும்மினாள். ஜன்னலுக்கு வெளியே, பங்களா வராந்தாவில் போனும் கையுமாக நின்ற பெள்ளியப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். தும்மல் அவருக்கு ஜன்னல் வழியாக ஒரு முறையும், மலையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு போனில் ஒரு முறையும் கேட்டது.

"ராமுத்தாய், நீ வெள்ளிமுடியில் என்ன செய்யிறே?"

"நான் இங்கதாங்க இருக்கேன். கையக் காட்டுறேன் பாருங்க."

அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். பிறகு ஆட்டுகிற கையை உற்றுப் பார்த்துவிட்டுப் போனை வைத்தார்.

ராமுத்தாய் போர்டைப் பார்த்தாள். ஒரே ஒரு ஆள் பேசியதற்கு ஏழு பிளக் செருகிக் கிடந்தது. ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஈத்தக்காடு, பனிமேடு, கொம்புக்கல். மறுபடி ஈத்தக்காடு. அவளுக்குப் பொறி தட்டியது. சங்கையாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. வெள்ளிமுடிக் கம்பி ஒங்ககிட்ட இருக்கா?"

மறுமுனையில் சங்கையா வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமையே போச்சு தாயி."

"பிறகு எப்பிடி மூணுன்னீக?"

"பனிமேட்டுக்காரன் ரெண்டுன்னான்."

"அவன் ரெண்டுன்னது ஒங்கள நம்பி. நீங்க மூணுன்னது அவன நம்பி. நான் நாலுன்னது ஒங்கள நம்பி. ஆக மொத்தம் மூணு பேரும் இல்லாத ஒண்ண ஒருத்தர் கையில ஒருத்தர் குடுத்துக்கிட்டு, ஒண்ணொண்ணாக் கூட்டிக்கிட்டு இருந்திருக்கோம். இப்பிடியே விட்டா தீபாவளிக்கு முந்நூறு வரும்."

அன்று மத்தியானம் அவள் இரண்டு புது ஒழுங்கு சொன்னாள். ஒருத்தரிடம் கேட்டுத் தெரிந்ததை அவரிடமே திருப்பிச் சொல்லக் கூடாது என்பது ஒன்று. ஆனால் மூன்று பேர் வட்டமாகச் சொன்னால் அதுவும் நிற்காது என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அதனால் இன்னொன்று: எந்த ஊருக்காவது கை கூடிக் கூடிப் பதினாறைத் தொட்டால், அந்த ஊருக்கு வழியே இல்லை என்று எல்லாரும் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே எண்ணக் கூடாது.

"ஏன் பதினாறு? பதினஞ்சு ஆகாதா?" என்றான் சுவக்கீன். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன்.

"எங்கள்ல செத்த பதினாறாம் நாளு காரியம். அதோட முடிஞ்சது. அதுக்கு மேல எண்ண மாட்டோம்."

புதன்கிழமை காலை ஏழு மணி. ஆபீசில் பெருக்கிக் கூட்டி டீ போடுகிற சின்னத்தாய், ராமுத்தாய்க்கு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ராமுத்தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, வெள்ளிமுடிக்குப் பதினாறு. ஆமா, முடிஞ்சது. இனி என்னத்தப் பேச. பனிமேட்டுக்கும் சொல்லிருங்க, யாரும் விட்டுப்போகக் கூடாது."

டம்ளர் கீழே விழுந்தது. ராமுத்தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் சின்னத்தாய் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிமுடி ஃபேக்டரி மேஸ்திரி சுடலை அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சுடலையின் கல்யாணப் போட்டோவைச் சட்டம் போட்டபோது, சட்டம் சின்னதாக இருந்ததால் கடைக்காரன் ஓரத்தை வெட்டிவிட்டான். ஓரத்தில் நின்றது சின்னத்தாய். அவளுடைய ஒரு கையும் கையில் பிடித்த எலுமிச்சம்பழமும் மட்டும் படத்தில் மிஞ்சின. "என்னைய வெட்டிட்டு என் எலுமிச்சம்பழத்த மாட்டி வச்சிருக்கான்" என்று சொல்லி அவள் உறவை அறுத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் போர்டு ரூம் வாசலில் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

"செத்ததுக்குச் சொல்லல, எடுத்ததுக்குச் சொல்லல, பதினாறுக்குச் சொல்றாகளாம்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள் சின்னத்தாய். "என் தம்பி பதினாறு நாளாச் செத்துக் கெடந்திருக்கான், எனக்குத் தெரியலையே!"

"ஏ மதினி! ஒன் தம்பிக்கு ஒண்ணும் இல்ல! பதினாறுங்கிறது கம்பிக்கு!" என்று ராமுத்தாய் கத்தினாள்.

"கம்பிக்கு எவனாவது பதினாறு கும்பிடுவானா?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான்.

"அது ஒரு நம்பர். ஒண்ணு கூட்டி, ஒண்ணு கூட்டி..."

"சரி, அவன் உசுரோட இருக்கான்னா போன் போட்டுக் குடு. அவன் கொரல நான் கேக்கேன்," என்றாள் சின்னத்தாய்.

"போன் போகாது மதினி."

"ஏன் போகாது?"

ராமுத்தாய் போர்டைக் காட்டினாள். "வெள்ளிமுடிக்குத்தான் பதினாறு ஆயிருச்சே."

முப்பது பேரும் ஒரே குரலில் ஒப்பாரி எடுத்தார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். ராமுத்தாய் சொன்னதையும் கேட்டார், சின்னத்தாய் அழுததையும் கேட்டார். முதலாவது புரியவில்லை. இரண்டாவது புரிந்தது. கொழுந்து லாரி இப்போதே வெள்ளிமுடிக்குப் போகட்டும், லைன்மேனும் ஏறிக்கொண்டு அறுந்த கம்பியைப் பார்க்கட்டும், நீயும் போய் உன் நம்பரை அங்கே விளக்கு என்றார்.

"போர்டை யாருங்க பாப்பாக?"

"நான் பாக்கறேன். பிளக் குத்தறதுதானே."

லாரியில் அரிசி மூட்டை, வாழைக்காய், பூசணி, இலைக்கட்டு எல்லாம் ஏறின. பதினாறுக்கு வெறுங்கையோடு போக முடியாது. வழி நெடுக அழுகை. ஈத்தக்காட்டு ஆபீஸ் முன்னால் லாரி நின்றது. சங்கையா துக்கம் கேட்க வெளியே வந்தார். ராமுத்தாய் அவரை முதல் தடவையாகப் பார்த்தாள். அவள் தோள் உயரம்தான் இருந்தார். மீசை கிடையாது, கழுத்தில் கம்பளி மப்ளர்.

"நீங்களாண்ணே?"

"தாயி, நீயா?" என்ற அந்த இடிக்குரலைக் கேட்டு, அது வேறு யாரிடமிருந்தோ வருகிறது என்று சின்னத்தாய் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் சங்கையாவும் லாரியில் ஏறிக்கொண்டார். கம்பி தன்னுடையதுதானே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி.

வெள்ளிமுடி திருப்பத்தில் அறுந்த கம்பி கிடைத்தது. லயத்துக்காரர்கள் அதை இழுத்து இரண்டு கொய்யா மரத்துக்கு நடுவே கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊரே அதில்தான் காயவைத்தது. லைன்மேன் குதித்து இறங்கிப் பாவாடைகளை எடுக்கப் போக, அங்கே தனியாக ஒரு சண்டை ஆரம்பித்தது.

லாரி ஃபேக்டரி முற்றத்தில் நின்றது. சின்னத்தாய் "என்னப் பெத்த ராசா!" என்று உள்ளே பாய்ந்தாள். தேயிலை வறுக்கும் மெஷின் பக்கத்தில், முகமெல்லாம் தூளாக ஒரு ஆள் கையில் பொரி வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா?" என்றான் சுடலை. "யாருக்கா செத்தது?"

"நீதான்டா!"

அவன் தன் மார்பைத் தடவிப் பார்த்தான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அறை கேட்ட பிறகுதான், இது உயிருள்ள கன்னம் என்று கூட்டத்துக்கு நம்பிக்கை வந்தது. அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பியும் காரணம் தெரியாமல் அழுதான்.

"கம்பி அந்து மூணு நாளாச்சு. ஒரு வார்த்த சொல்லப்படாதா மேஸ்திரி?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"எதுல சொல்ல?" என்றான் சுடலை. "ரிப்பேர்னா போன்லதான் சொல்லணும்னு எழுதி ஒட்டியிருக்கு. போனுதான் ரிப்பேரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மூணு நாளா ஒங்க துரை கொழுந்து எங்க, கொழுந்து எங்கன்னு கேக்கல தாயி. நல்லா இருந்துச்சு. இந்த மூணு நாளு வறுத்த தூளு மாதிரி நான் வறுத்ததே கெடையாது. வேணும்னா குடிச்சுப் பாரு."

கொண்டுபோன அரிசியைத் திருப்பிக் கொண்டுபோவது குறை என்று பெரியவர் சொன்னதால், ஃபேக்டரி முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். வாழைக்காய்ப் பொரியலும் பூசணிக் குழம்பும் கொதித்தன. இலையின் முன்னால் சுடலையையே முதலில் உட்கார வைத்தார்கள். தன்னுடைய பதினாறுக்குத் தானே சாப்பிட்ட ஆள் மலையில் அவன் ஒருத்தன்தான். மூன்றாவது தடவையும் சோறு வாங்கினான். போட்டோவை என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. எல்லாரும் மறுபடி நின்று புதுப்படம் எடுப்பது, இந்தத் தடவை சின்னத்தாய் நடுவில் நிற்பது என்று முடிவானது. ஓரத்தில் யார் நிற்பது என்பதில் அடுத்த சச்சரவு கிளம்ப இருந்தது. அதற்குள் லைன்மேன் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டான். சுவரில் போன் மணி அடித்தது.

சுடலை அதைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும். இலையிலிருந்து எழாமல், "இல்லேன்னு சொல்லுங்க," என்றான்.

சங்கையா போய் எடுத்தார். பேசியது ஈத்தக்காட்டில் அவர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு வந்த கிளார்க்.

"எழுதிக்கப்பா," என்றார் சங்கையா. முப்பது பேரும் சாப்பிடுவதை நிறுத்திப் பார்க்கும்படி அந்தக் குரல் ஒலித்தது. "வெள்ளிமுடி நமக்கு ஒண்ணு. கொம்புக்கல்லுக்கும் பனிமேட்டுக்கும் சொல்லிரு. ஒண்ணு."

ராமுத்தாய் கொம்புக்கல்லுக்குத் திரும்பியபோது மணி நாலு. போர்டு ரூமுக்குள் பெள்ளியப்பா துரை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, கழுத்து வரைக்கும் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்க நினைத்து, தும்மி, மறுபடி உட்கார்ந்தார்.

"ராமுத்தாய், யாரு யாரோட பேசறாங்க எனக்கே தெரியலை. காலையிலே இருந்து குத்தின பிளக் ஒண்ணும் எடுக்கவே இல்லை. எடுத்தா யாராவது திட்டறாங்க."

அவள் அவரை நாற்காலியிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்காகக் காது கொடுத்துக் கேட்டு உருவினாள். டாக்டர் பத்தரை மணியிலிருந்து கால்நடை வைத்தியசாலையோடு இணைந்திருந்தார். இரண்டு பக்கமும் ஆள் போய்விட்டிருந்தது. பனிமேட்டுக் கோயில் கமிட்டியை மேனேஜர் மறையூர் வெல்ல மண்டியில் கோத்திருந்தார். மிக்கேல்ராஜ் சாரின் வீடு அவருடைய ஆபீசோடேயே கோத்துக் கிடந்தது.

கடைசிப் பிளக்கில் இரண்டு பெண் குரல். ஒன்று பனிமேட்டு ஹெட்கிளார்க் சம்சாரம் ராமாத்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. இன்னொன்று ஈத்தக்காட்டு ஹெட்கிளார்க் வீட்டு அழகுத்தாய். இதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்ததும் கிடையாது, பேசியதும் கிடையாது. ராமாத்தாள் தன் தங்கையையும் அழகுத்தாய் தன் நாத்தனாரையும் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங்க, நார்த்தங்காய உப்புல போட்டா கசப்புப் போயிருமுங்களா?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

"சுருள் சுருளா வெட்டிப் போடணும் மதினி. நான் சொல்றேன், எழுதிக்கிடுங்க," என்றாள் அழகுத்தாய்.

ராமுத்தாய் பிளக்கைப் பிடித்த கையை எடுத்துவிட்டு, ஒரு பென்சிலைத் தேடினாள்.